கோலகுபு பாருவுக்கு மேலே, சிலாங்கூர் ஆற்றோரம்

மலேசியாவின் உலு சிலாங்கூர் மாவட்டத் தோட்டத்து மக்களுக்குக் கோலகுபு பாரு என்றால் கடைத்தெருவும் சம்பள நாள் சாமான் வாங்கலும்தான். ஆனால் அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதை அறிய, பிரேசர் மலைக்குப் போகும் 55ஆம் எண் சாலையில் ஆற்றை ஒட்டி மேலே ஏற வேண்டும்.

செம்பனைகள் பின்தங்கி, தித்திவங்சா மலைக்காடு நெருங்கும்போது அணைக்கட்டு தென்படுகிறது. கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீருக்காக எழுந்த இந்த அணைக்காக, பெர்த்தாக், கெராச்சி ஆகிய தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் வேறிடம் பெயர்க்கப்பட்டன. நீர்த்தேக்கத்தின் அழகைப் படமெடுப்பவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்கும் மேலே சிலிங் ஆறு. அருவிக்குச் செல்லும் காட்டுப் பாதை ஆற்றைப் பலமுறை குறுக்கே கடக்கிறது. முழங்கால் அளவு நீரில் கால் வைத்தால் எலும்பு வரை குளிர் ஏறுகிறது. ஒரு பாறையின் நிழலில் கெலா மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து, வாலை மட்டும் மெல்ல அசைத்தபடி நின்றன. வெயில் பட்டபோது அவற்றின் அகன்ற செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே செம்பொன்னாய்த் தெரிந்தன. கரைமரங்களிலிருந்து நீரில் விழும் பழங்களையும் தின்று வளரும் இந்த மீனுக்குத் தெளிந்த நீர் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை காடும். இங்கே மீன்பிடிக்கத் தடை விதித்திருப்பது மிகச் சரியான முடிவு.

காடும் கரையும் சிதைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே ஆறு சாட்சி. 1883 அக்டோபரில் பழைய கோலகுபுவின் அணை உடைந்து, மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் வெள்ளத்தில் மாண்டனர். பின்னர் மேல்பகுதி ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றுப்படுகையை உயர்த்திக்கொண்டே போக, வெள்ளம் திரும்பத் திரும்ப ஊருக்குள் புகுந்தது. இறுதியில் மக்கள் மேட்டு நிலத்துக்குக் குடியேறினர். சார்லஸ் ரீட் திட்டமிட்ட இன்றைய பூங்கா நகரமான கோலகுபு பாரு அப்படித்தான் பிறந்தது.

போக விரும்புவோர் காலையிலேயே புறப்படுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் மழை கொட்டலாம். நீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், பையைத் தேடிக்கொண்டிராமல் உடனே கரையேறி உயரமான இடத்துக்குச் சென்றுவிடுங்கள்.