கொம்பு பிரிந்த கொடிகாமம்

"தம்பி, கொடிகாமத்தின்ரை கொம்பு எங்கை போய் நிக்குது?"

சுன்னாகத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஐயா இன்று என் மடிக்கணினியை உற்றுப் பார்த்துக் கேட்டார்.

திரையில் 'கொடிகாமம்' என்ற ஊர்ப்பெயரில், ககரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு, பின்னால் அரவோடு (துணைக்காலோடு) ஒட்டிக்கொண்டிருந்தது.

கடையில் விண்டோஸ், அவர் மகனிடம் மாக், என்னிடம் லினக்ஸ்; மூன்றிலும் ஓடவேண்டிய பற்றுச்சீட்டு மென்பொருளை, பைத்தான் நிரல்மொழியுடனேயே வருகிறது என்ற சோம்பலால், சாளரங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் டிகே என்ற கருவித்தொகுதியில் தொடங்கியிருந்தேன். என்னிடமுள்ள பதிப்பு லினக்ஸில் எழுத்துகளை வரிசையாக வைக்கிறதே தவிர, தமிழுக்கேற்ப இணைப்பதில்லை.

1992 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற இன்னொரு கருவித்தொகுதி, அந்தந்த இயங்குதளத்தின் பொத்தான்களையே கடன் வாங்குகிறது. 1995 இல் வெளிவந்த கியூட் என்ற மூன்றாவது தொகுதியோ பெரும்பாலும் அவற்றைத் தானே வரைந்து, எழுத்துகளை இணைத்துத்தரும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தின் துணையுடன் கொம்பையும் அரவையும் உரிய இடத்தில் இருத்துகிறது. 2009 முதல் எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்திலும் கிடைப்பதால், எங்கள் தேவைக்குக் கட்டணமுமில்லை.

மாலையில் கொம்பு பிரிந்த அந்த ஒரு சாளரத்தை மட்டும் கியூட்டில் மீள எழுதினேன். பொதி நன்றாகவே பெருத்துவிட்டது. கடையின் பழைய கணினி அதைத் திறக்கச் சற்று முனகும்.

இந்த மூன்று தொகுதிகளையும் ஒப்பிட, வேகம், அழகு, உரிமம் என்று நான் வரைந்த அட்டவணையில், தமிழ் எழுதுபவனாகிய நானே தமிழுக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்கியிருக்கவில்லை.