நிறுவன உறுப்பினர் பட்டியலும் ஒரு கேள்வியும்

துடுப்புப் படகு மன்றத்தின் பொன்விழா மலருக்காக அதன் வரலாற்றைத் தொகுக்கும் பணி முடிந்து, மலரும் அச்சாகிவிட்டது. ஆனால், மெய்ப்புப் படியைப் பார்த்த மூத்த உறுப்பினரான ஓர் அம்மையார் கேட்ட கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. மன்றத்தைத் தொடங்கிய நிறுவன உறுப்பினர்களின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "தம்பி, இதில் பெண்கள் ஒருவர்கூட இல்லையே?" என்றார். "பதிவேட்டில் இருக்கும் பெயர்களைத்தான் போட்டிருக்கிறேன், அம்மா" என்றேன். "பதிவேட்டை எழுதியவர்களை எனக்குத் தெரியும். படகுகளைக் கட்டியவர்களையும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவர் சொன்னவற்றை நான் பொய்யென்று கருதவில்லை. தொடக்கத்தில் மரச்சட்டங்களின்மேல் கான்வாஸ் துணி போர்த்திய, இருமுனையும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் கயாக் படகுகளே மன்றத்தில் இருந்தன. அந்தத் துணியை வெட்டித் தைத்தவர்கள் பெண்கள். பின்னர் ஃபைபர் கிளாஸ் வந்தபோது, வேறொரு மன்றத்திலிருந்து இரவல் வாங்கிய படகு வார்ப்பச்சில் இழைப்பாயை விரித்து, பிசின் இறுகுவதற்குள் தூரிகையால் அழுத்திக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றியதிலும் அவர்கள் பங்கு பெரிது. ஆனால் சந்தா குடும்பத்துக்கு ஒன்றாக, ஆணின் பெயரில் வசூலிக்கப்பட்டது. ரசீதுகள் அதை உறுதிசெய்கின்றன. தையலைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரிகூட இல்லை.

பட்டியலை மாற்றாமல், அவருடைய கூற்றை 'நினைவுகள்' என்ற தனிப்பகுதியில் அவர் குரலிலேயே சேர்ப்பது என்று முடிவெடுத்தேன். அதற்குக் காரணம் இருந்தது. நினைவை மட்டும் நம்பி ஒரு பெயரைச் சேர்த்தால், வேறொருவர் தம் நினைவிலிருந்து தரும் பெயரை எந்த நியாயத்தால் மறுப்பது? 1865இல் பிரித்தானியரான ஜான் மெக்ரிகர் 'ராப் ராய்' என்ற சிறுபடகில் ஐரோப்பிய நீர்வழிகளில் பயணம் செய்தார், 1866இல் இங்கிலாந்தில் ராயல் கனூ மன்றம் என்ற துடுப்புப் படகு மன்றம் தோன்றியது என்று இன்று நாம் ஐயமின்றி எழுத முடிவது, அவை எழுத்தில் பதிவானதால்தானே? ஏட்டைக் கைவிட்டால் மன்ற வரலாறு, உரக்கப் பேசுபவரின் வரலாறாகிவிடும் என்றே அன்று எண்ணினேன். இன்றும் பெருமளவு அப்படியே எண்ணுகிறேன்.

ஆனால் அதே மலருக்கு நானே எழுதிய முன்பகுதி இந்த வாதத்தை அசைக்கிறது. கனூ, கயாக் படகுப் போட்டி 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானபோது அனைத்தும் ஆண்களுக்கே. 1948இல் லண்டனில் பெண்களுக்கு ஒரே ஒரு கயாக் போட்டி கிடைத்தது. ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தும் கனூவில் பெண்கள் ஒலிம்பிக்கில் போட்டியிட, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதக்கப் பட்டியலில் இல்லாததால் அவர்கள் அதுவரை துடுப்பே பிடிக்கவில்லை என்று கொள்ளக் கூடாது எனவும் அங்கே எழுதியிருக்கிறேன். கயாக்கின் பிறப்பிடமான ஆர்க்டிக் பகுதியில், இனுயிட் ஆண்கள் சட்டம் கட்ட, கடல்நாய்த் தோலை நீர் புகாதபடி தைத்துப் போர்த்தியவர்கள் பெண்கள் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறேன். அந்தத் தையல் இல்லாமல் அது மரச்சட்டமாகவே நின்றிருக்கும். தொலைதூரத்துப் பெண்களின் தையலைப் படகுக்கட்டுமானம் என்று ஏற்ற நான், இந்த மன்றத்தின் கான்வாஸ் தையலை நினைவுகள் பகுதிக்கு அனுப்பினேன். இரண்டும் வேறுவேறு என்று வாதிடலாம். ஒன்று ஒரு மரபு, மற்றது பெயர்ப்பட்டியல். அந்த வாதம் சரியானதுதான், ஆனாலும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

பட்டியலின் கீழே 'சந்தா பதிவேட்டின்படி' என்று சிறு எழுத்தில் சேர்க்கச் செயலாளரிடம் வற்புறுத்தினேன், அவரும் இசைந்தார். அது நேர்மையான குறிப்பு. ஆயினும் அதைப் படிப்பவர்களைவிட மேலே உள்ள 'நிறுவன உறுப்பினர்கள்' என்ற தலைப்பைப் படிப்பவர்களே அதிகம் என்பதை நான் அறியாதவன் அல்லன்.

மறுபதிப்பு வந்தால், பட்டியலில் பெயர் சேர்ப்பதற்குப் பதிலாகத் தலைப்பை 'முதலாண்டில் சந்தா செலுத்தியோர்' என்று மாற்றலாம் எனச் செயற்குழுவிடம் சொல்லியிருக்கிறேன். பட்டியலில் உள்ள சிலருடைய பிள்ளைகள், தங்கள் தந்தையரின் பெருமை குறையும் என்று அதை எதிர்க்கிறார்கள். அம்மையாரிடம் கேட்டபோது, அவருக்கும் அந்த மாற்றத்தில் விருப்பமில்லை. தமக்கு வேண்டியது பெயர்தான் என்றார்.