பொங்கல் முடிந்ததும் வண்டி

ஜனவரி 9, 2023
நான் தன்னார்வலராக நடத்தும் இல்லம் தேடிக் கல்வி மாலை மையத்தில் இன்று 17 பேர். எட்டாவது படிக்கிறவள் தம்பியை மடியில் வைத்துக்கொண்டே எழுதினாள். ‘வாழை’ இன்னும் ‘வாளை’தான்.

ஜனவரி 11
அவள் வரவில்லை.

ஜனவரி 12
தூக்கம் வரவில்லை. திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்கு ஆள் கூட்டிப்போக மேஸ்திரி வண்டி அனுப்புகிறாராம். அவள் வீட்டில் முன்பணம் 40,000 வாங்கியாச்சு. பொங்கல் முடிந்தால் இருளர் குடியிருப்பில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், ஆனி மாசம் வரைக்கும்.

போன வருஷம் அவளை ஆயாவிடம் விட்டுப் போனார்கள். ஆயா ஆடியில் தவறிப்போனார்.

2021 அக்டோபரில் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில், முதலியார்குப்பத்தில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது இரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். கொரோனா தின்ற இரண்டு வருஷம். இப்போது ஐந்தாம் வகுப்புப் பாடத்தை விரல் வைக்காமல் வாசிக்கிறாள். ஆறு மாசம் சூளையில் கல் திருப்பிப் போட்டால் இதில் எவ்வளவு மிஞ்சும்?

ஜனவரி 13
கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் இருக்கிறதாம்! இடைநின்ற பெண் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற பள்ளி. ஓட்டமாக ஓடிப் போய்ச் சொன்னேன்.

“வயசுக்கு வந்த பொண்ண எப்படி விட்டுட்டுப் போறது டீச்சரம்மா?” என்றார் நான் அண்ணன் என்று கூப்பிடும் அவள் அப்பா. அவள் அம்மாவிடம் புதுமைப் பெண் திட்டத்தைச் சொன்னேன்: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், காலேஜில் மாசம் 1,000 ரூபாய். “அது எத்தினி வருஷம் கழிச்சி?” என்று கேட்டார். நாலு வருஷத்துக்கு மேல். நாளைக்கு அரிசி வாங்குகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

ஜனவரி 14
போகி. மையம் இல்லை.

ஜனவரி 16
மாட்டுப் பொங்கல். அண்ணன் அவராகவே வந்தார். ஆதார் உறைக்குள் மடித்து வைத்த போன வருஷத்துக் கல் கணக்குச் சீட்டு. “இத பாப்பா படிக்குமா?”

படித்தாள். வாரவாரம் அறுத்த கல்லைத் தரையில் சாக்பீஸால் எழுதிக் கூட்டினாள். 84,000. சீட்டின் அடியில் 81,000 என்று இருந்தது. அழித்துவிட்டு மறுபடி கூட்டினாள், அதே 84,000. அண்ணன் எதுவும் பேசவில்லை. சீட்டை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 17
ஒருவேளை கூட்டிப் போனாலும் என்று ஒரு கடிதம் எழுதி வைத்தேன், சூளைக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியருக்கு. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5. எந்தச் சூளை என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும். பெறுநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஜனவரி 18
அந்த உண்டு உறைவிடப் பள்ளி எட்டாவது வரைதானே, அப்புறம் ஒன்பதாவது எங்கே? தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள்? ராத்திரி முழுக்க இதேதான்.

ஜனவரி 19
வண்டி நாளை விடியற்காலை. அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த மாச ஊக்கத்தொகை 1,000 ரூபாயில் ஒரு தகரப் பெட்டி, தட்டு, டம்ளர், சோப்பு வாங்கினேன். பெட்டி மூடியில் பெயரை அவளே எழுதினாள்.

நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.