தாசில்தார் அறையில் யார் எங்கே உட்காருவது

வருவாய்த் துறை என்றால் பட்டா, சாதிச் சான்றிதழ், வெள்ள நிவாரணம், இவ்வளவுதான் வெளியே தெரியும். பங்குனியில் தொடங்கி ஆடி முடிகிறவரை எங்கள் தாலுகா அலுவலகத்தில் இன்னொரு வேலையும் ஓடிக்கொண்டிருக்கும், அமைதிப் பேச்சுவார்த்தை. தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, பரிவட்டம் யாருக்கு முதலில், மயானத்துக்கு எது பாதை, பேனரைக் கிழித்தது யார் என்று இரண்டு தரப்பு முறைத்துக்கொண்டு நிற்கும். தாசில்தார் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருப்பார், நான் ஓரமாக உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவேன். பல வருடமாக எழுதியதில் எனக்குப் பட்டது, சமாதானம் முக்கால்வாசி ஏற்பாட்டு வேலை. நல்ல வார்த்தை கேட்டு மனம் மாறியவரை நான் பார்த்ததில்லை. ஒரு அதிகாரி ஒற்றுமையைப் பற்றி அரை மணி நேரம் உருக்கமாகப் பேசினார், எல்லோரும் தலையாட்டினார்கள், வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏற்பாடு என்றால் சின்னச் சின்ன விஷயம்தான். இரண்டு தரப்பையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லக் கூடாது, வராந்தாவிலேயே பேச்சு முடிந்துவிடும். ஒரு தரப்புக்கு ஐந்து பேர், அதற்கு மேல் ஒருவரும் உள்ளே கிடையாது. செல்போன் எல்லாம் என் மேசையில். இது இப்போது சேர்ந்த விதி, உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'வெற்றி' என்று போட்டால் அப்புறம் உள்ளே இருப்பவர் எப்படி இறங்கி வருவார்? நாற்காலி எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் கை வைத்த நாற்காலி, இன்னொரு பக்கம் ஸ்டூல் என்றால் அன்றைக்குப் பேச்சே கிடையாது. டீயும் அப்படித்தான், எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, நம் ஊரில் டீ கிளாஸுக்கு என்ன வரலாறு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் பட்டிக்காட்டுச் சண்டையில்தான் என்று நினைக்க வேண்டாம். வியட்நாம் போரை நிறுத்தப் பாரிஸில் கூடினார்களே, அங்கே மேசை எந்த வடிவத்தில் இருப்பது என்று வாரக்கணக்கில் இழுத்தது. தெற்கு வியட்நாமில் ஆயுதம் ஏந்தியிருந்த விடுதலை முன்னணியைச் சமமான தரப்பாக மதிப்பதா கூடாதா என்பதுதான் உண்மையான சண்டை, மேசை வெறும் சாக்கு. 1969 ஜனவரியில்தான் தீர்ந்தது. நடுவில் ஒரு வட்ட மேசை, கொடியோ பெயர்ப் பலகையோ இல்லை, எழுத்தர்களுக்கு இரண்டு பக்கமும் தனியாகச் சின்ன மேசை. பார்த்தீர்களா, அங்கேயும் எங்கள் ஆட்களுக்கு ஓரம்தான். ஆனால் மேசை சரியானதும் போர் நின்றுவிடவில்லை, பாரிஸ் உடன்பாடு கையெழுத்தாக 1973 ஜனவரி ஆனது. அதற்குள் செத்தவர்களை நினைத்தால் மேசைக் கதையைச் சொல்லிச் சிரிக்கத் தோன்றாது.

ஒரு தேர்ப் பிரச்சினை. எந்த ஊர் என்று வேண்டாம். மூன்று முறை கூடியும் நகரவில்லை. நான்காவது தடவை இன்ஸ்பெக்டர் வழக்கம்போல 107 போடுவேன் என்றார். அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குகிற பிரிவு அது, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 126, ஆனாலும் வாயில் 107தான் வருகிறது. யாரும் அசையவில்லை. அப்போது வடக்குத் தெருப் பெரியவர் ஒருவர் மெதுவாக, "ஐயா, போன வருசம் பையன் மேல போட்ட கேஸ் இருந்தா பாஸ்போர்ட் வராதுங்களாமே?" என்று கேட்டார். சிங்கப்பூருக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டியாகிவிட்டது போலிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார், அவர் வீட்டுப் பையன் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் பேச்சு தேரிலிருந்து பிள்ளைகள் பக்கம் திரும்பியது, ஒரு மணி நேரத்தில் பாதை முடிவானது. பரிவட்டத்தைக் கோயில் செயல் அலுவலரே வரிசை வைத்துக் கட்டுவது என்று எழுதினேன். 'ஒன்றாம் தரப்பு, இரண்டாம் தரப்பு' என்று எழுதப்போனால் அதற்கும் சண்டை வரும், ஆகவே தெருப் பெயர்தான். கையெழுத்தும் மேலும் கீழுமாக இல்லை, பக்கத்தில் பக்கத்தில்.

1978 செப்டம்பரில் எகிப்தையும் இஸ்ரேலையும் சமாதானப்படுத்த அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் ஜனாதிபதி கார்ட்டர் 13 நாள் பட்ட பாட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. எகிப்தின் சாதத்தும் இஸ்ரேலின் பெகினும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் கத்துகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரே வரைவைக் கையில் வைத்துக்கொண்டு இவர் குடிலுக்கும் அவர் குடிலுக்குமாக நடந்து 23 தடவை திருத்தி எழுதினார்கள். கடைசியில் பெகின் கிளம்பத் தயாரானபோது அவருடைய பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்ட புகைப்படங்களைக் கார்ட்டர் கொண்டுபோய்க் கொடுத்தார். அமெரிக்க ஜனாதிபதிக்கும் பிள்ளைகள் வழியாகத்தான் கதவு திறந்திருக்கிறது.

ஆனால் இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பக்கம் ஒன்று உண்டு. எப்படியாவது இன்றைக்குக் கையெழுத்து வாங்கு என்று மேலிருந்து போன் வரும்போது, எந்தப் பக்கம் ஆள் குறைவோ அந்தப் பக்கத்தைத்தான் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்பார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனை அவருடைய நாவலுக்கு வந்த எதிர்ப்புக்காக வரவழைத்து நடத்தியதற்கும் பெயர் அமைதிப் பேச்சுவார்த்தைதான். அங்கே எழுதி வாங்கிய உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. சிலவற்றில் விட்டுக்கொடு என்பதற்கே இடமில்லை. விழுப்புரம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியலின மக்கள் உள்ளே போவது பேரம் பேசுகிற விஷயமா? பேச்சு பலிக்காமல் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அன்றைக்கு ஊர் அமைதியாகத்தான் இருந்திருக்கும், அதை நான் சமாதானக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கையெழுத்து ஆன பிறகுதான் எங்களுக்கு வேலை அதிகம். வி.ஏ.ஓ. தினமும் இரண்டு தெருவிலும் போய் நின்றுவிட்டு வருவார், டாஸ்மாக்கை அன்றைக்கு மூடக் கலெக்டருக்கு எழுத வேண்டும், தேர் திரும்பும் முனையில் மின்கம்பியை இறக்கச் சொல்ல வேண்டும். கம்பிக்காகத் தேர் பத்து நிமிடம் தவறான வீட்டு வாசலில் நின்றால் போதும், மூன்று மாதப் பேச்சு போச்சு. தாசில்தார்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருகிறவரிடம் நான் முதலில் கொண்டுபோய் வைப்பது அந்தக் கோப்பைத்தான், போன வருடம் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதைப் பென்சிலில் குறித்து.