ரேம்ப்பைக் கடக்க எத்தனை விநாடி? கருத்துக் கேட்புக்கு முன் அளந்துவிடுங்கள்

இன்டர்சேஞ்ச், அதாவது நெடுஞ்சாலைகள் மேலும் கீழுமாகச் சந்திக்கும் இடம், விரிவாக்கத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும்போது பலர் ‘பாதுகாப்பான நடைபாதை வேண்டும்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதைப் படிக்கும் பொறியாளர் வரைபடத்தில் எந்தக் கோட்டை மாற்றுவார்? வண்டிகள் நெடுஞ்சாலையில் ஏறவும் இறங்கவும் உள்ள இணைப்புச் சாலைதான் ரேம்ப். ஏதாவது ஒரு ரேம்ப்பைப் பிடித்துக்கொண்டு, அளவோடு எழுதுங்கள்.

ரேம்ப்பின் அகலம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக நடக்கும் முதியவர் விநாடிக்கு 1 மீட்டர் போவார். கடக்க 7 விநாடி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதற்குள் 117 மீட்டர் ஓடிவிடும். அதாவது, கால் எடுத்து வைக்கும் முன் 117 மீட்டர் தூரத்துக்கு ரேம்ப் தெரிய வேண்டும். வளைவும் தடுப்புச் சுவரும் புதரும் மறைத்து 50 மீட்டர்தான் தெரிகிறதென்றால், அங்கே வெறும் ஜீப்ரா கோடு போட்டுப் பயனில்லை.

அளப்பதற்காக ரேம்ப்புக்குள் இறங்காதீர்கள். விளக்குக் கம்பங்களின் இடைவெளியை ஆன்லைன் மேப்பில் பார்த்துக்கொண்டு, எத்தனையாவது கம்பம் வரை தெரிகிறது என்று எண்ணினால் போதும். குனிந்து 1 மீட்டர் உயரத்திலிருந்தும் ஒருமுறை பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் அதுதான் கண்மட்டம். இரவிலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

தீர்வு பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதில்தான் இருக்கிறது. வேகம் 30 கி.மீ. ஆகக் குறைந்தால் தேவைப்படும் தூரம் 58 மீட்டராக இறங்கிவிடும். அதற்கு வளைவை இறுக்கி, ரேம்ப்பை நேர்குறுக்காகக் கடக்கவைத்து, கடக்கும் இடத்தைச் சுமார் 10 செ.மீ. உயர்த்தக் கேளுங்கள். இடமும் முக்கியம். நெடுஞ்சாலையில் ஏறும் டிரைவர் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி தேடிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இணைப்புப் பகுதிக்கு வெகு முன்னதாகவே கடக்கும் இடம் அமைய வேண்டும். கடப்பவர்கள் நின்று காத்திருக்க நடுவில் திட்டு வைத்தால், கடக்கும் திசையில் அது 2 மீட்டராவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் சைக்கிளின் பின்சக்கரம் சாலையில் நிற்கும்.

‘நடைமேம்பாலம் தருகிறோம்’ என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். தளம் 6.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், 12-க்கு 1 சரிவில் (12 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயரம்) ஏற மட்டும் 78 மீட்டர்; இறங்க இன்னொரு 78. அவ்வளவு சுற்ற மனமில்லாதவர்கள் கீழேயே குறுக்கே போவார்கள். சுரங்கப்பாதைக்கு 3 மீட்டர் அளவுக்கு இறங்கினால் போதும். ஆனால் வாயிலில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும், மழைநீர் வெளியேற வழி வேண்டும். நெடுஞ்சாலையே உயரத்தில் போகிற இடமாயிருந்தால் நடைவழியைத் தரைமட்டத்திலேயே விடச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

கடிதத்தில் இடத்தின் செயினேஜ் எண் (சாலையின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் வரையுள்ள தூரம்), அளவு, நேரம் குறித்த புகைப்படம், ஒரே ஒரு கோரிக்கை. இரண்டு ரேம்ப் என்றால் இரண்டு கடிதம். வேலை நடக்கும் மாதங்களில் நடப்பவர்கள் எந்த வழியாகப் போவார்கள் என்று காட்டும் வரைபடத்தையும் அதில் கேட்டு வாங்குங்கள். வண்டிகளுக்கு மாற்றுப்பாதை குறிக்கும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.