எதில் 40 சதவீதம்? பி.எஃப்.ஆர். தலைப்பில் வைவாவுக்குப் போன அனுபவம்

எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) இரண்டாம் ஆண்டில் செமினாருக்குத் தலைப்புக் கேட்டார்கள். நான் பி.எஃப்.ஆர். (பிளட் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்ஷன்) எடுத்தேன். கையின் மேல்பகுதியிலோ தொடையின் மேல்பகுதியிலோ பட்டை கட்டி, இரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, குறைந்த எடையை வைத்துச் செய்கிற வலுப்பயிற்சி. காரைக்குடியில் நான் போகும் ஜிம்மில் இரண்டு மூன்று பையன்கள் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு பைசெப்ஸ் அடிப்பதைப் பார்த்திருந்தேன். கண்ணால் பார்த்த விஷயம்தானே, சுலபமாகப் பேசிவிடலாம் என்று நினைப்பு. செமினாரும் நன்றாகத்தான் போனது. வைவாவில்தான், அதாவது வாய்மொழித் தேர்வில்தான், மாட்டிக்கொண்டேன். அடுத்து இந்தத் தலைப்பை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் சுலபமாகத்தான் ஆரம்பித்தார். இந்த முறை எங்கே தொடங்கியது என்று கேட்டார். ஜப்பான், யோஷியாகி சாட்டோ, 1966 என்று மளமளவென்று சொன்னேன். அவருக்கு அப்போது 18 வயது. ஒரு பௌத்த நினைவுச் சடங்கில் முழங்காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்ததில் கெண்டைக்கால் மரத்துப்போக, அதைத் தேய்த்துவிடும்போது, குதிகால் தூக்கிப் பயிற்சி செய்தபின் வரும் அதே விம்மலாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்துதான் 'காட்சு' முறை வந்தது. இந்தக் கதை எனக்கு ஒரு தடவை படித்ததுமே மனதில் நின்றுவிட்டது. பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் படைப்பில் (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), வளவில் ஆத்தங்குடிக் கல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நொண்டியவன்தானே நானும். எனக்கு அப்போது பசி மட்டும்தான் தோன்றியது.

அடுத்து, எவ்வளவு வைத்துச் செய்யச் சொல்வீர்கள் என்றார்.

"40 சதவீதம் சார்."

"எதுல 40 சதவீதம்?"

வாய் அடைத்துப் போனது. இந்தத் தலைப்பில் இரண்டு சதவீதங்கள் இருக்கின்றன. ஒன்று எடைக்கு, இன்னொன்று அழுத்தத்துக்கு. 40 என்ற எண் இரண்டிலுமே வரும். நான் இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். எது எதனுடையது என்று அந்த நேரத்தில் பிரிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் புலம்பினேன். பேரன் குஸ்தி படிக்கிறான் என்றுதான் அவர் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். நான் சொன்னதில் அவருக்கு வேறொன்றும் பிடிபடவில்லை, இது மட்டும் உடனே பிடிபட்டது. "வட்டியச் சொல்லிட்டு முதலச் சொல்லாம வந்திருக்கே." அவ்வளவுதான் விஷயம். சதவீதத்தைச் சொன்னால் முதல் எது என்று சொல்லியாக வேண்டும்.

எடைக் கணக்கில் முதல், ஒன் ஆர்.எம். ஒருவர் ஒரே ஒரு தடவை மட்டும் சரியாகத் தூக்க முடிகிற அதிகபட்ச எடை அது. லெக் எக்ஸ்டென்ஷனில் ஒருவருக்கு அது 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தசை பருக்க வழக்கமான பயிற்சியில் 70 சதவீதம் போல, அதாவது 35 கிலோ வைப்போம். பட்டை கட்டினால் 20 முதல் 40 சதவீதம் போதும். அப்படியென்றால் 10 முதல் 20 கிலோ.

அழுத்தக் கணக்கில் முதல் வேறு. அது ஏ.ஓ.பி. (ஆர்ட்டீரியல் அக்லூஷன் பிரஷர்), அந்தக் கை அல்லது காலில் தமனி ஓட்டம் முழுவதும் நின்றுபோகிற அழுத்தம். அதில் 40 முதல் 80 சதவீதம் வரை வைக்கலாம் என்பது 2019-ல் வந்த வழிகாட்டுதல். ஒருவருக்கு ஏ.ஓ.பி. 180 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 72 முதல் 144 வரை. இந்த 180 எல்லாருக்கும் 180 இல்லை. தொடை பருமனாக இருந்தால் கூடும். இரத்த அழுத்தம் அதிகம் உள்ளவருக்குக் கூடும். பட்டை அகலமானால் குறையும், குறுகினால் ஏறும். ஒரே ஆளுக்கே படுத்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று. அதனால் எந்த நிலையில் பயிற்சி செய்யப்போகிறாரோ அந்த நிலையிலேயே அளக்க வேண்டும். வைவாவில் "120 வைப்பேன்" என்று மொட்டையாகச் சொன்னால், அடுத்த கேள்வி "எத்தனை சென்டிமீட்டர் பட்டையில்?" என்றுதான் வரும். எனக்கு வந்தது.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். வைவாவுக்குப் பிறகு, தெரிந்த பிசியோ அண்ணன் ஒருவரின் கிளினிக்கில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் தமனித் துடிப்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, விரலை அழுத்தி அழுத்தித் துடிப்பையே அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம், இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவியை அங்கே வைத்து, தொடைப் பட்டையில் மெல்லக் காற்றேற்றினார். 'உஷ் உஷ்' என்று கேட்ட சத்தம் தேய்ந்து ஒரு புள்ளியில் நின்றது. அந்த எண்தான் ஏ.ஓ.பி. அதை ஒரு தடவை காதால் கேட்டவனுக்கு 40 சதவீதக் குழப்பம் ஜென்மத்துக்கும் வராது. வைவாவுக்கு முன்பே போயிருக்க வேண்டும்.

ஏன் வேலை செய்கிறது என்ற கேள்வி நிச்சயம் வரும். எங்கள் பக்கத்து ஊருணியை நினைத்துக்கொண்டேன். வரத்துக்கால் பாதி திறந்திருக்கிறது, வெளியே போகும் மடை அடைத்திருக்கிறது. தமனி வழியாகக் கொஞ்சம் இரத்தம் உள்ளே வருகிறது, சிரை வழியாக வெளியேற முடியவில்லை. தசைக்குள் ஆக்சிஜன் குறைகிறது, கழிவுப் பொருள்கள் தேங்குகின்றன, செல்கள் உப்புகின்றன. சிறிய இழைகள் சீக்கிரம் களைத்துப்போவதால், கனமான எடைக்கு மட்டும் எழுந்து வரும் பெரிய, வேகமான இழைகள் 15 கிலோவுக்கே வேலைக்கு வர வேண்டியிருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அது ஏறுவது உண்மை, ஆனால் தசை பருப்பதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் அடித்துச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொரு இடத்திலும் சறுக்கினேன். கனமான எடையில் கிடைக்கும் பலன் முழுவதும் இதிலும் கிடைக்கும் என்றேன். தசையின் பருமனைப் பொறுத்தவரை ஏறக்குறைய சமம். வலுவில் கனமான எடைதான் முன்னால் நிற்கிறது. இது 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரையின் முடிவு. ஆகவே நல்ல உடம்போடு கனமாகத் தூக்க முடிகிற ஆளுக்கு இது மாற்று இல்லை. தூக்க முடியாதவருக்குத்தான் இதன் அருமை. என் மச்சான் ஒருவன் வடமாட்டில் இறங்கி முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டான். இரண்டே மாதத்தில் அந்தத் தொடை மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு சூம்பியது. 35 கிலோவை அவன் முழங்கால் தாங்காது, 10 கிலோவைத் தாங்கும். தேர்வாளருக்கு இந்த உதாரணத்தைச் சொல்லியிருந்தால் கதையே வேறு.

செட் கணக்கு: 30, 15, 15, 15, மொத்தம் 75 தடவை. நடுவில் 30 வினாடி ஓய்வு, ஓய்விலும் பட்டை இறுக்கமாகவே இருக்கும். ஒரு தடவைக்கு 4 வினாடி என்று போட்டால் மொத்தம் ஆறரை நிமிடம். ஒரு பயிற்சிக்கு 5 முதல் 10 நிமிடம்தான் பட்டை இருக்கலாம், பிறகு தளர்த்த வேண்டும் என்பதோடு இது பொருந்துவதைப் பாருங்கள். இப்படிப் பெருக்கிப் பார்த்து வைத்தால் எண்கள் மறக்காது.

பாதுகாப்புப் பகுதியைப் பலர் கடைசி ஸ்லைடில் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் இருப்பது அங்கேதான். 2006-ல் ஜப்பானில் காட்சு மையங்களில் 12,642 பேரை வைத்து எடுத்த கணக்கு ஒன்று உண்டு. தோலுக்கடியில் இரத்தக் கசிவு 13.1 சதவீதம், மரத்துப்போவது 1.3 சதவீதம், சிரையில் இரத்தக் கட்டி 0.055 சதவீதம். ஆள் கணக்காக மாற்றினால் கடைசியது 7 பேர். குறைவுதான், ஆனால் அது பழகியவர்கள் நடத்திய மையங்களின் கணக்கு, ஜிம்மில் சைக்கிள் டியூபைக் கட்டுகிறவர்களின் கணக்கு இல்லை. சிரையில் கட்டி வந்தவர்கள், இரத்த உறைவுக் கோளாறு உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இதைத் தொடக்கூடாது. இந்தப் பட்டியலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அந்த 13.1-ல் நானும் ஒருவனாகியிருப்பேன். செமினாருக்கு முன் ஆர்வக்கோளாறில், முழங்காலுக்குச் சுற்றும் துணிப்பட்டையை எடுத்துக் கையில் இறுக்கிச் செய்து பார்த்தேன். மறுநாள் மேற்கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். அப்பத்தா பார்த்துவிட்டு, யார் கட்டிவைத்து அடித்தார்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். புள்ளிகள் சில நாளில் போய்விட்டன. நீங்கள் அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம்.

கடைசியாக, மார்புத் தசைக்கு எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டார். மார்பில் கட்ட முடியாது. மேற்கையில்தான் கட்டுவோம். பெஞ்ச் பிரஸ்ஸில் கை சீக்கிரம் களைப்பதால் மார்பு கூடுதலாக உழைக்கிறது என்று பதில் சொல்ல வேண்டும். நான் ஏதோ உளறினேன். சிரித்துவிட்டு, சரி தம்பி, போய் ஒரு காஃப்பை (காற்றேற்றும் பட்டையை) தொட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வைவாவில் பாஸ் மார்க்குக்கு மேல் நாலு மதிப்பெண்.

இப்போது ஜூனியர்கள் கேட்டால், வைவாவுக்குப் போகும்போது பையில் ஒரு இஞ்ச் டேப்பும், கிளினிக்கில் கேட்டு வாங்கிய ஒரு தொடைக் காஃப்பும் எடுத்துப் போகச் சொல்கிறேன். காஃப்பின் அகலத்தை அளந்து, அந்த எண்ணை முதல் ஸ்லைடிலேயே போட்டுவிடுங்கள்.