பின்கட்டில் ஒரு கலுங்கு: முகடு முடிந்தது, இப்போது தளம்

கலுங்கு என்பது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் அமைப்பு. அதன் மாதிரிக்கு முகடு, அதாவது தண்ணீர் தாண்டி வழியும் மேல்விளிம்பு, ஏற்கெனவே நிற்கிறது, இந்த முறை அதற்குக் கீழே தண்ணீர் விழும் இடம்தான் வேலை. செங்கல் தொட்டி, அதன் ஒரு பக்கம் 30 செ.மீ. நீளத்துக்கு சிமெண்ட் முகடு, அதைத் தாண்டி ஆற்று மணல், தண்ணீரைச் சுற்றிவிட ஒரு பழைய மோட்டார். அவ்வளவுதான் ஏற்பாடு.

விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் வழியும் என்ற கணக்கு எளிது. தட்டையான அகல முகட்டுக்கு 1.7 × நீளம் × தண்ணீர் உயரத்தின் அடுக்கு 1.5, அளவெல்லாம் மீட்டரில், விடை விநாடிக்குக் கன மீட்டரில். முகட்டின் மேல் 1.5 செ.மீ. ஓடினால் விநாடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். வாளியில் பிடித்துப் பார்த்ததில் அதைவிடக் கொஞ்சம் குறைந்தது, இவ்வளவு மெல்லிய ஓட்டத்தில் பரப்பு இழுவிசை குறுக்கே வரும். உயரம் இரட்டித்தால் வெளியேறுவது 2.8 மடங்கு, நீளம் இரட்டித்தால் 2 மடங்குதான். ஆனாலும் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் கண்மாய்க்கு நீளக் கலுங்குதான் சரி, ஏனென்றால் நம்முடையது மண் கரை, முகட்டில் அரை அடி கூடினால் கரையிலும் அரை அடி ஏறும், கரை மேல் வழிந்துவிட்டால் அப்புறம் கண்மாயே இல்லை.

சரி, தளம். வெறும் மணலில் விட்டபோது முகட்டடியில் குழி பறித்து அஸ்திவாரம் தெரிந்தது. சிமெண்ட் தளம் போட்டதும் குழி தளத்தின் நுனிக்கு நகர்ந்தது, மறையவில்லை. நுனியில் விரல் உயரத் தடுப்பு வைத்த பிறகுதான் தண்ணீர் தளத்திலேயே எம்பி நுரைத்து வேகம் இழந்தது, இதற்குப் பெயர் நீர்த்தாவல். கீழே தேங்கும் மட்டம் குறைந்தால் தாவல் தடுப்பைத் தாண்டி ஓடிவிடுகிறது, அதனால் மணலின் கோடியில் செங்கல் அடுக்கி மட்டத்தைப் பிடித்து வைத்தேன்.

பக்கத்து வீட்டு வேலைக்கு வந்த கொத்தனார் எட்டிப் பார்த்து, “தளத்துக்கு அங்கிட்டு கல்லைப் பரப்பி விடுங்கண்ணே” என்றார். பரப்பினேன், கல் நின்றது, இடுக்கு வழியே மணல் கிளம்பியது. அடியில் பொடி ஜல்லி கொட்டியதும் அதுவும் அடங்கியது.

விளையாட்டாகத் தெரியலாம், ஆனால் பெரிய அணையிலும் இதே கதைதான். 2017 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் பிரதான வழிந்தோடியின் (அணையின் கலுங்கு) கான்கிரீட் தளம் பெயர்ந்து, அவசர வழிந்தோடியில் தண்ணீர் போனபோது, கீழே தளமே இல்லாத சரிவு முகட்டை நோக்கி அரித்துக்கொண்டே வந்தது; 1,80,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள்.

அடுத்தது மடிப்பு முகடு: அதே 30 செ.மீ. இடத்துக்குள் தகரத்தை வளைத்து நெளித்து நீளத்தைக் கூட்டுவது. தண்ணீர் ஏற ஏற அந்த லாபம் குறையும் என்பது தெரிந்ததுதான், எந்த உயரத்தில் குறைய ஆரம்பிக்கிறது என்று வாளியை வைத்துப் பார்க்க வேண்டும்.